பிளேன் சாருக்கு நான் வைத்த கைநாட்டு

பாறசாலையில் என்னுடைய முதல் தடி டிப்போவின், அதாவது மரக்கடையின், முகப்பில் ஒரு அயனி மரத்தடி கிடந்தது. இரண்டு ஆள் கைகோர்த்துக் கட்டிப்பிடித்தாலும் விரல் எட்டாத தடி. நடுவில் பொந்து விழுந்த மரம் என்பதால் யாரும் வாங்கவில்லை, நானும் நகர்த்தவில்லை. அதன்மேல் தினமும் காலை பத்து மணிக்கு ஒருவர் வந்து ஏறி உட்காருவார். வெள்ளை வேட்டியை ஒதுக்கி, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முட்டின்மேல் வைத்து, எதிரே இருந்த தபாலாபீசைப் பார்த்துக்கொண்டிருப்பார். மரத்தூள் பறந்து தலைமுடியில் படியும், தட்டிவிட மாட்டார். பத்தரைக்குத் தபால்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து, படியில் நின்றபடியே கையை விரித்துக் காட்டுவார். "சாரே, இன்னைக்கும் வரல்ல." இவர் தலையை ஒருமுறை அசைப்பார். பிறகு இறங்கி, கொல்லயில் ஊர்ப் பக்கமாக நடந்து போய்விடுவார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒன்றரை வருஷம் இதைப் பார்த்தவன் நான். ஊர் அவரை பிளேன் சார் என்று கூப்பிட்டது.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்பில் பாதிக்குமேல் பள்ளிக்கூடம் கண்டவனில்லை. மரம் அறுக்கும் குழிக்குள் இறங்கினவன். குழிக்கு மேலே தடியைக் கிடத்தி, மேலே ஒருவன் கீழே ஒருவன் என்று நின்று வாள் இழுக்க வேண்டும். கீழே நிற்பவன் கண்ணிலும் வாயிலும் தூள் கொட்டும். இரண்டு வருஷத்தில் நான் மேலே ஏறிவிட்டேன். இருபத்திமூன்று வயதில் சொந்த டிப்போ. இன்று பாறசாலை, நெய்யாற்றின்கரை, காட்டாக்கடை மூன்று ஊரிலும் என் பெயரில் மில் ஓடுகிறது. இந்த வட்டாரத்தில் நான் மரம் கொடுக்காத பெரிய வீடு ஒன்று காட்டுங்கள் பார்க்கலாம். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்லுவேன். படித்த இன்ஜினியர்கள் வந்து என்னிடம் கேட்டுப் போயிருக்கிறார்கள். எழுதப் படிக்கவும் பிற்பாடு நானே கற்றுக்கொண்டேன். இதை எழுத ஆள் வைத்துக்கொள்ள எனக்கு வசதி உண்டு. ஆனாலும் இது ஒன்றை நான் சொல்லச் சொல்ல இன்னொருத்தன் எழுதினால் சரிப்படாது.

பிளேன் சார் கொல்லயிலில் தென்னந்தோப்பு உள்ள வீட்டுப் பிள்ளை. திருவனந்தபுரத்தில் படித்து, யுத்த காலத்தில் விமானப்படைக்குப் போனார். பர்மாவில் அவருடைய விமானத்தில் குண்டு பட்டுவிட்டது. விளைந்து கிடந்த ஒரு வயலில் அதை இறக்கினார். நெல் அறுக்க வந்தவர்கள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். பிறகு யுத்தம் முடிகிற வரை சிறை. வீட்டில் இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு, ஆள் இல்லை என்று கருமாதியும் கழித்துவிட்டார்கள். பிறகு ஒரு நாள் தோளெலும்பு துருத்திக்கொண்டு இவர் நடந்து வந்திருக்கிறார். முற்றத்தில் எல்லோரும் அழுதுகொண்டு நிற்க, இவர் கேட்டாராம்: "எனக்க கருமாதிக்கு பாயசம் எத்தன வகை வச்சிய?"

சிறையைப் பற்றி அவர் கோர்வையாக ஒருநாளும் சொன்னதில்லை. தடியில் உட்கார்ந்திருக்கும்போது, எங்கள் ஆட்கள் மரம் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டு, துண்டு துண்டாகச் சொல்லுவார். மேலிருந்து குண்டு போட்டவர்கள் என்று விமானக்காரர்களை மட்டும் தனித்தனி அறையில் போட்டார்களாம். அறைக்கு வெளியே யார் நடந்தாலும் குனிந்து கும்பிட வேண்டும். தினமும் காலையில் வரிசையில் நிறுத்தி, ஜப்பான் பாஷையில் அவரவர் நிற்கிற இடத்தின் எண்ணை அவரவரே கத்திச் சொல்ல வேண்டும். சொல் பிசகினால் அடி. அந்த எண்கள் அவர் நாக்கை விட்டுப் போகவே இல்லை. லாரியில் தடி ஏற்றும்போது தன்னை அறியாமல் இச்சி, நி, சான் என்று எண்ணுவார். என் ஆட்களுக்கு அது பெரிய வேடிக்கை. "எலே, சாரு எண்ணினா தடி கூடுதலா வருது பாத்தியா! ஜப்பான் கணக்காக்கும்!" என்று கூவுவார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு அவித்த மரச்சீனிக் கிழங்கு பொதிந்து வைத்திருப்பார். பசித்தால் தின்ன அல்ல. அது பையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டாளம் அவரை உடம்பு சரியில்லை என்று அனுப்பிவிட்டது. மூன்று நாலு வருஷம் தோப்பில் கிடந்து உடம்பைத் தேற்றினார். சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதி, திரும்பவும் விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கினார். ஆள் ஏற்றுகிற ஒரு விமானக் கம்பெனிக்கு மனு போட்டிருந்தார். திருவனந்தபுரத்தில் அவர்களுக்கு ஆபீஸ் உண்டு. நேரில் போனபோது, இடம் ஒழிந்ததும் எழுதுகிறோம் என்றார்களாம். அந்தக் கடிதத்துக்குத்தான் என் தடியில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் நான், எனக்கே உரிய வாயோடு, "சாரே, இத்தனை படிச்ச ஆளு ஒரு கடலாசுக்காக இப்பிடி குத்த வச்சு இருக்கணுமா? நம்ம டிப்போவில இங்கிலீசு எழுத ஆளு வேணும், வாருங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "இன்னும் ஒருக்கா மேல போவணும் மக்கா. அங்க நான் சாவாம கெடந்தது இதுக்காக்கும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

அப்போதுதான் எல்லைப் போராட்டம் சூடு பிடித்தது. எங்கள் தாலுக்காக்கள் தமிழ் நாட்டோடு சேருவதா, மலையாளத்தோடு நிற்பதா என்று சண்டை. வெளியூர்க்காரர்களுக்கு இது எளிதாக இருக்கலாம். எங்களுக்கு, ஒரே வீட்டில் அம்மை தமிழில் வையும், மகன் மலையாளத்தில் பதில் சொல்லுவான். சந்தையில் ஒரு பேச்சு, கோர்ட்டில் ஒரு பேச்சு. நான் தமிழ்ப் பக்கம் நின்றேன். நெஞ்சில் கைவைத்துச் சொன்னால், பாஷைக்காகப் பாதி, மேடை கிடைத்ததற்காகப் பாதி. ஊர்வலத்தில் முன்னால் நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். குழிக்குள் தூள் தின்றவனுக்கு அது எவ்வளவு பெரிய போதை!

டெல்லிக்கு ஒரு மனு அனுப்புவதென்று கமிட்டியில் முடிவானது. ஊர் ஊராகக் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பொதுக் கடலாசு வந்தால், ஆள் இல்லாத வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன் கைநாட்டு வைத்துக் கொடுப்பான். வயலுக்குப் போனவனுக்கு மச்சான் வைப்பான், கடலுக்குப் போனவனுக்குப் பெண்டாட்டி வைப்பாள். குளம் வெட்ட, பாலம் கேட்க, எல்லாம் அப்படித்தான். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. வீட்டின் பெயர் விட்டுப்போகக் கூடாது என்கிற மரியாதை அது. ஆனால் முதல் பெயர் பெரிய ஆளாக இருக்க வேண்டும், அப்போதுதான் மற்றவர்கள் துணிந்து கை வைப்பார்கள். கமிட்டித் தலைவர் சொன்னார்: "அந்தப் பிளேன் சார் பேரு முதல்ல நின்னா டெல்லிக்காரன் கடலாசக் கீழ வைக்க மாட்டான். ஆனா அவரு வருவாரா?" பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். "அவரு எனக்க தடியிலயாக்கும் இருக்காரு. அது எனக்க காரியம்."

மறுநாள் கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். "வீட்டில நான் பேசுகது தமிழு. உங்க காரியம் நடந்தா எனக்கும் சந்தோஷந்தான். ஆனா கம்பெனிக்காரன் என்னை எடுக்கதுக்கு முன்ன போலீசில விசாரிப்பான். எந்தக் கடலாசிலயும் எனக்க பேரு வரக்கூடாது மக்கா. இப்பம் வரவே கூடாது." அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சரி சாரே என்று சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் வாசகசாலையில் கமிட்டி கூடியது. கடலாசு விரித்திருந்தது, முதல் வரி காலியாக இருந்தது, பத்துப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "என்ன, சாரு இணங்கல்லியா?" என்று ஒருவன் கேட்டுச் சிரித்தான். எழுதத் தெரிந்த ஆளிடம் அவர் பெயரை முதல் வரியில் எழுதச் சொன்னேன். மைப்பெட்டியில் என் பெருவிரலை அமுக்கி, அந்தப் பெயருக்கு நேரே வைத்தேன். என் கணக்கு எப்படி என்றால், அவர் படித்தவர், கையெழுத்துப் போடுகிறவர். கைநாட்டைப் பார்த்தால் இது அவர் வைத்ததல்ல என்று எந்த மடையனுக்கும் தெரியும். ஆகவே அவருக்கு ஒரு தோஷமும் வராது, கமிட்டிக்குப் பெயரும் ஆயிற்று. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். என் பெயரை மட்டும் முதல் தாளில் எழுத விடவில்லை. காட்டிலாகா மரத்தை ஏலத்தில் எடுப்பவர்கள்மேல் கேஸ் இருக்கக் கூடாது என்று சட்டம். நாலாவது தாளில், நடுவில், யார் கண்ணிலும் படாத இடத்தில் நான் இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஊர்வலத்தில் கல்லெறி நடந்தது. பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது, ஒரு போலீஸ்காரருக்கு மண்டையில் காயம். மறுநாள் காலையில் போலீஸ் வாசகசாலைக்குள் புகுந்து மனுவை எடுத்துப் போனது. முதல் தாளில் இருந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பிடித்தார்கள். பிளேன் சாரை வீட்டில் பிடிக்கவில்லை. பத்து மணிக்கு என் டிப்போவுக்கு வந்து, தடியின் மேலிருந்தே இறக்கிக்கொண்டு போனார்கள். போலீஸ்காரர் கையைப் பிடித்தவுடன் அவர் சட்டென்று குனிந்து ஒரு கும்பிடு போட்டார். பர்மாவில் பழகிய கும்பிடு. பிறகு அவருக்கே வெட்கமாகி நிமிர்ந்துகொண்டார். என் ஆட்களில் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை.

கூட்டத்தோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். பக்கவாட்டு ஜன்னல் திறந்திருந்தது. இன்ஸ்பெக்டர் மேசையில் அந்தத் தாள் கிடந்தது. நல்ல மனிதர்தான், சத்தம் போடவில்லை. "இது தன்றெ விரலாணோ?" உன் விரல்தானா என்று மலையாளத்தில் கேட்டார். பட்டாளத்தில் ஆபீசராக இருந்தவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா என்றும் கேட்டார். பிளேன் சார் தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் சொன்னார்: "இது வேற யாரோ வச்சதுன்னு எனக்கே தெரியுது. பேரு பறயு. இப்பத்தன்னே போகாம்." ஒரு பெயர் சொன்னால் அந்த நிமிஷமே வீட்டுக்குப் போகலாம். பிளேன் சார் தாளை மேசைமேல் வைத்தார்.

"என்னோடதாக்கும்" என்றார்.

உள்ளே இருந்த போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். பிளேன் ஓட்டினவன் கைநாட்டு என்று ஒருவன் சொன்னது வெளியே வரைக்கும் கேட்டது. நான் ஜன்னலை விட்டு விலகி, கூட்டத்துக்குள் புகுந்து, டிப்போவுக்கு வந்துவிட்டேன். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததே நல்லது என்றும் இருந்தது.

நாலாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. தபால்காரர் படியில் நின்று கையை விரிக்கவில்லை. நீளமான கவரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடி வந்தார். தடி காலியாகக் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. போஸ்ட்மாஸ்டர் பிரித்து வாசித்துச் சொன்னார். கம்பெனி அழைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை காலையில் வந்து சேர வேண்டும்; வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இடையில் ஐந்து நாள் இருந்தது. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "நான் கொண்டு கொடுத்துக்கிடுதேன்" என்றேன்.

அந்த ஐந்து நாளை நான் எத்தனையோ தரம் மனசில் நடந்து பார்த்திருக்கிறேன். முதல் நாள் ஸ்டேஷன் வாசல்வரை போனேன். பாராக்காரர் "எந்தா?" என்று கேட்டார். சாருக்குச் சோறு கொண்டு வந்தேன் என்று சொல்லி, வரும் வழியில் வாங்கிய பொதியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் மனுவில் கண்ட மற்றவர்களின் வீட்டார் வந்து அழுதார்கள். அவர்களுக்கு தைரியம் சொன்னேன், அதில் பொழுது போயிற்று. மூன்றாம் நாள் காட்டாக்கடையில் ஏலம். நல்ல தேக்கு, நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத தேக்கு. என்மேல் கேஸ் இல்லை, ஏலத்தில் நின்றேன், எடுத்தேன். இன்றைக்கு என் பெயர் இருக்கிற ஒவ்வொரு பலகையும் அந்த ஒரு ஏலத்தின் மேல்தான் நிற்கிறது. நாலாம் நாள் அந்த மரத்தை லாரியில் கொண்டு வந்தேன். ஐந்தாம் நாள் மறுபடியும் ஸ்டேஷன் வாசல்வரை போனேன். பையில் கடிதம் இருந்தது. உள்ளே இருபது அடி நடந்தால் மேசை. மூன்று வார்த்தை சொன்னால் போதும். எதிர்க்கடையில் ஒரு சாயா குடித்தேன். இன்னொன்று குடித்தேன். திங்கட்கிழமை போய்விட்டது.

பதினோராம் நாள் விட்டார்கள். சாட்சி சொல்ல யாரும் வரவில்லை, கேஸ் நிற்கவில்லை. அவர் நேரே என் டிப்போவுக்குத்தான் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. தடியில் ஏறி உட்காரவில்லை, பக்கத்தில் நின்றார். கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தார், நாளைப் பார்த்தார், பழைய மடிப்பிலேயே மடித்தார். மறுநாள் திருவனந்தபுரத்துக்கும் போய் வந்தார். அந்த இடத்தில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று. அதுமட்டுமில்லை, போலீஸ் ரிப்போர்ட் மோசமாக வந்திருக்கிறது, இனி மனுப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

அதைக் கேட்டபிறகு என்னால் இருக்க முடியவில்லை. கொல்லயிலுக்கு நடந்தேன். தோப்பில் மரச்சீனிக்குத் தடம் வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை நிறுத்தவில்லை. "சாரே, அந்தக் கைநாட்டு வச்சது நானாக்கும்" என்றேன்.

"தெரியும். உனக்க பெருவிரலுக்கு குறுக்க வாள் வெட்டின தழும்பு உண்டு. கடலாசில நடுவில ஒரு கோடு கெடந்துது. பாத்த உடனே தெரிஞ்சுது."

"பின்ன ஏன் சாரே சொல்லல்ல?"

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தென்னையில் சாய்ந்துகொண்டார். அப்போதுதான் சிறையின் கதையில் அவர் அதுவரை எனக்குச் சொல்லாத துண்டைச் சொன்னார். அவருக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது, அடுத்த அறையிலிருந்த ஒருவர் எங்கிருந்தோ மருந்துக் குளிகை வாங்கி, சுவரின் அடியில் இருந்த ஓட்டை வழியே தள்ளிவிட்டிருக்கிறார். ஜப்பான் காவல்காரன் குளிகையைக் கண்டுபிடித்துவிட்டான். யார் கொடுத்தது என்று கேட்டு அடித்தான். இரண்டு நாள் இவர் சொல்லவில்லை. "மூணாவது நாளு சொன்னேன். ஒரே ஒரு பேரு. அந்த ஆள இழுத்திட்டுப் போனானுவ. மறுநாள் காலைல வரிசையில எண்ணும்போ அந்த ஆளு இல்லாம எனக்க நம்பரு ஒண்ணு முன்னால வந்துது. பழைய நம்பரச் சொன்னேன். அதுக்கும் அடிச்சான்." நெஞ்சைத் தடவிக்கொண்டார். "இனி ஒரு மேசைக்கு முன்ன நின்னு நான் ஆருக்க பேரும் சொல்ல மாட்டேன் மக்கா. கம்பெனி வேலைக்காவண்டியும் சொல்ல மாட்டேன்."

நான் அழுதேன். இன்ஸ்பெக்டரிடம் இப்போதே போய்ச் சொல்லுகிறேன் என்றேன். அவர் சிரித்தார், அது நல்ல சிரிப்பல்ல. "இனி என்னத்துக்கு? அந்த ரிப்போர்ட்ட ஆரு திருத்துவா? நீயும் கெட்டுப்போவ, அவ்வளவுதான்." பிறகு குரல் மாறியது. "எனக்கு உன்மேல கோவம் இல்லேன்னு நெனச்சிட்டுப் போவாத. கோவம் உண்டு. நான் உனக்க பேரு சொல்லல்ல, அது எனக்க காரியம். ஆனா நீ ஜன்னல்ல நின்ன. நான் பாத்தேன். நீயே வந்து சொல்லுவேன்னு நெனச்சேன். பதினோரு நாளும் கம்பிக்குள்ள இருந்து வாசலையாக்கும் பாத்திட்டு இருந்தேன்." மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். "போ மக்கா. எனக்கு வேல கெடக்குது."

அதற்குப் பிறகு அவர் என் டிப்போவுக்கு வரவில்லை. எல்லையும் பிரித்தார்கள், விளவங்கோடு தாலுக்கா தமிழ்ப் பக்கம் போயிற்று, நாங்கள் மலையாளப் பக்கமே நின்றோம். அவர் நெய்யாற்றின்கரையில் ஒரு டுட்டோரியலில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாலையில் எதிரே கண்டால் தலையை ஒருமுறை அசைப்பார், தபால்காரருக்கு அசைத்ததுபோல. அவர் காலமான பிறகு, எல்லைப் போராட்டக்காரர்களைக் கௌரவிக்கிறோம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மனுவில் முதல் பெயர் போட்டுச் சிறைக்குப் போன தியாகி என்று அவர் படத்துக்கு மாலையும் போட்டார்கள். நான் மைக் பிடித்து முக்கால் மணி நேரம் பேசினேன். என் பேச்சை எல்லோரும் புகழ்ந்தார்கள். அவர் எந்தக் கடலாசிலும் கை வைக்கவில்லை என்ற ஒன்றை மட்டும் நான் பேசவில்லை.

போன வருஷம் துபாயில் இருக்கும் என் இளைய மகன் என்னைக் கூட்டிப்போக வந்தான். இத்தனை வசதி இருந்தும் நான் விமானத்தில் ஏறியதில்லை. பிள்ளைகள் எத்தனையோ தடவை கூப்பிட்டார்கள்; மில்லை விட்டு வர முடியாது என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். காரணம் மில் இல்லை என்பது எனக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் ஏறினோம். ஜன்னல் ஓரம் எனக்கு. அது ஓடி, அதிர்ந்து, சட்டென்று அதிர்ச்சி நின்றது. தரை விட்டுப் போயிற்று. கடலும் தென்னையும் சரிந்து கீழே போயின. என் மகன், "எப்பிடி இருக்குப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். பயம் என்று அவன் நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டான்.

துபாயில் இறங்கும்போது, வாசலில் விமானம் ஓட்டிய பையன் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, தோளில் பொன் நிறத்தில் கோடுகள். "அப்பூப்பா, முதல் தடவையா? பயந்தோ?" என்று பேரனைப்போலக் கேட்டான். என் மகனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்பா, இவரு நம்ம நெய்யாற்றின்கரைக்காரராக்கும். நம்ம பக்கத்தில இருந்து பிளேன் ஓட்ட வந்த முதல் ஆளு." பையன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

"இல்ல மக்கா," என்றேன். "உனக்கு முன்ன ஒரு ஆளு உண்டு. கொல்லயில்காரரு. பட்டாளத்தில ஓட்டினவரு, ஜப்பான்காரன் சிறையில கெடந்தவரு." பிளேன் சாருடைய பெயரைச் சொன்னேன். அத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை வாய்விட்டு நான் சொன்னது, மனுவில் எழுதச் சொன்ன அன்றைக்கும் இந்த வாசலிலும்தான்.

பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பிடியா! எனக்குத் தெரியாதே. சண்டைக்குப் பிறகு எந்தக் கம்பெனியில ஓட்டினாரு அப்பூப்பா?"

எனக்குப் பின்னால் பையும் பெட்டியுமாக ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மகன் என் முழங்கையைத் தொட்டான். நான் நகரவில்லை.

"ஓட்டல்ல மக்கா," என்றேன். "கம்பெனி கூப்பிட்டுது. நான்தான் போக விடல்ல."